சலைன் பாட்டில் தொங்கிய ரயில்

ரயில் தண்டவாளத்தில் தேங்காய் எண்ணெய் ஊற்றிய முட்டாள் நான்தான். இதை வேறு யார் வாயிலாவது நீங்கள் கேட்பதற்குள் நானே சொல்லிவிடுவது நல்லது. போர்ட் பிளேரில் ஆட்டோ ஓட்டுகிறவர்களுக்கெல்லாம் இந்தக் கதை தெரியும். பத்துபஸ்திப் பக்கம் போனால் இன்றைக்கும் ஒருவர் "க்யா தேல்வாலா" என்றுதான் நலம் விசாரிக்கிறார். என்ன எண்ணெய்க்காரா என்று அர்த்தம்.

நான் ஓட்டுவது மின்னி பே பக்கத்து மேட்டில், ஒரு சின்னப் பூங்காவில் சுற்றும் குட்டி ரயில். டீசல் என்ஜின். பார்ப்பவர்களுக்கு நீராவி என்ஜின்போல் இருக்கட்டும் என்று முன்னால் ஒரு புகைக்குழாய் வைத்திருக்கிறார்கள். அதில் புகை வந்ததே கிடையாது. பின்னால் மூன்று பெட்டிகள். பெரியவர்கள் உட்கார்ந்தால் முழங்கால் முகவாயை இடிக்கும். மரங்களுக்கு நடுவே சுற்றி வந்து, அரசு ஊழியர் குவார்ட்டர்ஸ் மதிலை ஒட்டி ஓரிடத்தில் மட்டும் கொண்டை ஊசிபோல் மடங்கித் திரும்பும். அந்த வருஷம் மழை நின்றதிலிருந்து அந்த வளைவில் வண்டி கத்த ஆரம்பித்தது. சாதாரணக் கத்தல் இல்லை. தகரத்தை ஆணியால் கீறி, அதை ஒலிபெருக்கியில் போட்டால் எப்படி இருக்குமோ அப்படி. குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அம்மாக்கள் காதைப் பொத்திக்கொண்டு என்னை முறைப்பார்கள்.

பூங்கா சூப்பர்வைசர் ஒரு வங்காளி, எல்லோருக்கும் தாதா. குவார்ட்டர்ஸ்காரர்களின் புகார் மேலே போய், மேலே இருப்பவர்கள் அவரை வறுத்து எடுத்திருந்தார்கள். அவர் என்னிடம் வந்து, "ஆவாஜ் பந்த் கரோ, நஹி தோ காடி பந்த்" என்றார். பள்ளி விடுமுறைக்குள் சத்தம் நிற்க வேண்டும், இல்லையென்றால் வண்டி நிற்கும். வண்டிக்கு டிக்கெட் கொடுப்பவள் என் மனைவி. ஆக, வண்டி நின்றால் எங்கள் வீட்டில் புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் ஒரே நாளில் ஓய்வு.

அப்போதுதான் எனக்கு மூளை வேலை செய்தது. கதவு கிறீச்சிட்டால் எண்ணெய் விடுகிறோம். வண்டி கிறீச்சிட்டால்? அந்தமானில் தேங்காய்க்கு என்ன பஞ்சம். வளைவில் இரண்டு பக்கத் தண்டவாளத்திலும் தாராளமாக ஊற்றினேன். வண்டி பூனைபோல் போனது. பெருமையில் பாட்டுக்கூடப் பாடினேன். ஸ்டேஷன் வந்தது, பிரேக் போட்டேன். எண்ணெய் சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டு வந்திருந்தது; சக்கரம் நின்றது, வண்டி நிற்கவில்லை. பச்சைக் கொடியோடு நின்ற என் மனைவியைத் தாண்டி, மேட்டில் கொஞ்ச தூரம் ஏறி, அங்கே சற்று யோசித்துவிட்டு, பின்பக்கமாகவே வழுக்கி மறுபடியும் அவளைத் தாண்டி வந்தது.

"போறீங்களா, வர்றீங்களா?" என்று கேட்டாள்.

பிள்ளைகள் கைதட்டி, இன்னொரு தடவை வேண்டும் என்றார்கள்.

மறுநாள் மண்ணெண்ணெயும் மணலும் போட்டுத் தண்டவாளத்தைத் தேய்த்துக் கழுவினேன். முதல் சுற்றிலேயே பழைய கத்தல் திரும்பி வந்தது. அடுத்த சுற்றில் வளைவின் நடுவே ஒரு பெண் நின்றிருந்தார். நைட்டி, தோளில் துண்டு, அவிழ்ந்த முடி. ஒரு கண் விழித்திருந்தது, ஒரு கண் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் கொடியில் வெள்ளை யூனிஃபார்ம் காய்வதைத் தினமும் பார்ப்பவன் என்பதால் நர்ஸ் என்று தெரியும். திட்டு விழும் என்று தமிழில் ஒரு மன்னிப்பும் இந்தியில் ஒரு மன்னிப்பும் தயாராக வைத்துக்கொண்டேன்.

"நேத்து ஏன் கத்தல?" என்றார்.

"எண்ணெய் ஊத்தினேன் சிஸ்டர்."

"இன்னைக்கு ஏன் ஊத்தல?"

"ஊத்தினா வண்டி நிக்க மாட்டேங்குது."

"சரி. வழுக்குனா கத்தாது. அது ஒண்ணு தெரிஞ்சு போச்சு."

என்னுடைய முட்டாள்தனத்தை ஒரு தகவலாக மதித்த முதல் ஆள் அவர்தான்.

அவருடைய அப்பா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து மீன்பிடிக்க வந்து இங்கேயே தங்கியவர். மகள் பிறந்தது, படித்தது எல்லாம் போர்ட் பிளேரில். பேச்சு மட்டும் அப்பாவின் கரையை விட்டு நகரவில்லை. ஊசி பிடிக்கிற கையால் என் வண்டியின் சக்கரத்தை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார், காய்ச்சல் பார்க்கிற மாதிரி புறங்கையால். பிறகு கேட்டார்.

"எப்ப இருந்து இப்பிடி?"

"மழை நின்னதுல இருந்து."

"மழையில கத்துமா?"

"கத்தாது."

"ஆள் ஏறுனா கூடுமா, குறையுமா? பனி இறங்குன காலையில எப்பிடி? மெதுவாப் போனா?"

எனக்கு எதுவும் தெரியவில்லை. கத்துகிறது என்பது மட்டும்தான் தெரியும். அதுவும் எனக்கு மட்டும் தெரிந்த விஷயமில்லை.

"தெனமும் இது மேலதான் உக்காந்திருக்கீரு," என்றார். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது ஜோக் அடித்துத் தப்பியிருப்பேன்.

அவருக்கு அந்த வருஷம் முழுக்க நைட் டியூட்டி. வார்டில் ஆள் பற்றாக்குறை. காலையில் வந்து படுத்தால், என் வண்டி சுற்றுக்கு ஒரு தடவை வந்து எழுப்பிவிடும். பெட்டியின் படியில் உட்கார்ந்து, கொட்டாவியோடு கொட்டாவியாக ஒன்று சொன்னார். ஒரு விடியற்காலை, ஒரு குழந்தைக்குப் போட வேண்டிய ஊசியில் பக்கத்துப் படுக்கையின் மருந்தை ஏற்றிவிட்டாராம். கூட இருந்த இன்னொரு சிஸ்டர் பார்த்துக் கையைப் பிடித்துவிட்டார். இவரே போய் மேட்ரனிடம் நடந்ததைச் சொல்லியிருக்கிறார்.

"தூங்காம இன்னொரு மாசம் போச்சுன்னா, கையப் பிடிக்க ஆள் இருக்கும்னு சொல்ல முடியாது," என்றார்.

"அப்ப நீங்களும் ஒரு வார்த்தை எழுதிக் குடுத்துடுங்க சிஸ்டர். வண்டிய நிப்பாட்டிடுவாங்க" என்றேன். என் வாயால் என் வேலைக்கே உலை வைத்த பெருமை எனக்கு உண்டு.

"எழுத எனக்குத் தெரியாதா? வார்டுல அழுவுற பிள்ளைங்ககிட்ட என்ன சொல்லி ஊசி போடுறேன்னு நெனைக்கீரு? நல்லாயிட்டா ரயில்ல போலாம்னுதான். இந்த ஊர்ப் பிள்ளைங்க கப்பலப் பாத்திருக்கு, ப்ளேனப் பாத்திருக்கு. ரயிலுன்னா உம்ம வண்டிதான். அதயும் நிப்பாட்டிட்டு நான் என்னத்தச் சொல்லி ஊசி போடட்டும்?"

இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் என் என்ஜினின் பொய்ப் புகைக்குழாயில் சலைன் பாட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தக் குழாய்க்குப் பிறந்ததிலிருந்து கிடைத்த முதல் வேலை அது. உள்ளே வெறும் தண்ணீர். அதிலிருந்து இறங்கிய டியூப், சக்கரத்துக்கு முன்னால் தண்டவாளத்தின்மேல் சொட்டுச் சொட்டாக விட்டது. ஆஸ்பத்திரிப் பொருளா என்று கேட்டதற்கு சிஸ்டரின் முகம் மாறியது. மருந்துக் கடையில் வாங்கியதாம். ஆஸ்பத்திரியிலிருந்து பஞ்சுகூட எடுக்க மாட்டாராம். மெயின்லேண்டிலிருந்து வந்த ஒரு குடும்பம் அதைப் போட்டோ எடுத்துவிட்டு, வண்டிக்கு என்ன உடம்புக்கு என்று கேட்டது. டைபாய்டு என்று சொன்னேன்.

"மொதல்ல எந்தப் பக்கம் விடணும்?" என்று சிஸ்டர் கேட்டார்.

இது என் துறை. வெளிப்பக்கத் தண்டவாளம்தான் என்று அடித்துச் சொன்னேன். திரும்பும்போது வண்டி வெளிப்பக்கம்தான் சாய்கிறது, சக்கரம் அங்கேதான் உரசுகிறது, இரும்பு அங்கேதான் பளபளக்கிறது. கையை வளைத்து வளைத்து விளக்கினேன். வெளிப்பக்கம் சொட்டவிட்டு ஓட்டினோம். கத்தியது. டியூபை உள்பக்கம் மாற்றினார். வளைவில் நுழைந்தோம், திரும்பினோம், வெளியே வந்தோம். இலைகள் உரசுகிற சத்தம் கேட்டது. விளக்கிக்கொண்டிருந்த என் கை அந்தரத்திலேயே நின்றது. எது உரசவில்லை என்று நான் சத்தியம் செய்தேனோ அந்தப் பக்கம்தான் இத்தனை நாள் கத்தியிருக்கிறது.

தாதா சமோசாவும் டீயும் சொன்னார். நான் வேடிக்கை பார்க்கக் கூடியிருந்த கூட்டத்துக்குக் கை ஆட்டினேன். சிஸ்டர் மட்டும் என்ஜின் பக்கம் போய், சலைன் டியூபிலிருந்த சின்னச் சக்கரத்தை உருட்டித் தண்ணீரை அடைத்தார். தண்டவாளத்தைத் துண்டால் துடைத்தார்.

"இப்ப ஓட்டும்."

ஓட்டினேன். அத்தனை பேர் முன்னாலும் வண்டி தொண்டை கிழியக் கத்தியது. தாதாவின் வாய்க்குப் போன சமோசா பாதியில் நின்றது.

"அரே சிஸ்டர், டீக் ஹோ கயா தா நா? ஃபிர் க்யோன்?" சரியாகிவிட்டதே, பிறகு எதற்கு என்று அழாத குறையாகக் கேட்டார்.

"ஏக் பார் மே க்யா பதா சலேகா, தாதா?" ஒரு தடவையில் என்ன தெரியும் என்று அவர் திருப்பிக் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "தண்ணியால நின்னுச்சா, சும்மா நின்னுச்சான்னு பாக்கணும்லா. தொறந்து விடும். ஓட்டும்" என்றார்.

திறந்தால் அமைதி. அடைத்தால் கத்தல். மறுபடி திறந்தால் அமைதி. இரவு முழுக்க வார்டில் நின்றுவிட்டு வந்தவர், தன் தூக்கத்தைக் கெடுத்த அதே சத்தத்தைத் தன் கையாலேயே வரவழைத்து, பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கண் மிளகாய்ப் பழமாகச் சிவந்திருந்தது. எனக்கு முதல்முறையாக அவரைப் பார்க்கப் பயமாக இருந்தது. கும்பிடவும் தோன்றியது. இரண்டையும் செய்யாமல் அவருடைய சமோசாவை எடுத்துத் தின்றேன்.

வண்டிக்கு மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். என் மனைவிக்குத் தீராத தலைவலி இருந்தது. காப்பியை நிறுத்திப் பாருங்கள் என்றார். நிறுத்தினாள், கொஞ்ச நாளில் தலைவலி போனது. சிஸ்டருக்கு வீட்டில் மீன்குழம்பு வைத்து விருந்து போட்டாள். சாப்பிட்டுக் கை கழுவி வந்த சிஸ்டர், "இப்ப ஒரு காப்பி போட்டுக் குடியும்மா" என்றார். குடித்தாள். சாயங்காலம் தலை இரண்டாகப் பிளந்தது. "இது சிஸ்டரா, சைத்தானா?" என்று என்னிடம் கேட்டாள். ஆனால் அதற்குப் பிறகு அவள் காப்பியைத் தொட்டதில்லை. காப்பிதான் காரணம் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லாமல் போய்விட்டது.

இன்னொரு கதையும் உண்டு. அதை ஆஸ்பத்திரி வார்டுபாய் ஒருவர் சொன்னார். ஒருநாள் இறால் சாப்பிட்டு சிஸ்டருக்கு உடம்பெல்லாம் தடித்திருக்கிறது. மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவருக்கு இறால் ஆகாது என்றால் சும்மா விடுவாரா? டாக்டர் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, மாற்று ஊசியையும் தயாராக வைத்துக்கொண்டு, கேஷுவாலிட்டிப் படுக்கையில் உட்கார்ந்து மறுபடியும் ஒரு இறாலைத் தின்றாராம். தடித்தது. "சரி, இறால்தான்" என்றாராம். இறால் தின்னப் படுக்கை பிடித்த ஆளை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

சிஸ்டரின் வீட்டுக்காரருக்குத் தீவுகளுக்கிடையே ஓடும் கப்பலில் வேலை. அவர் போனால் வீட்டில் நிம்மதி வருகிறதாம். அதற்கு அவர்தான் காரணமா என்று சோதிக்கத்தான் சிஸ்டர் ஒவ்வொரு தடவையும் திரும்பக் கூப்பிட்டுக்கொள்கிறார் என்று நான் ஒரு ஜோக் கட்டிவிட்டேன். சிஸ்டர் காதுக்குப் போனது. "சோதன இன்னும் முடியல" என்றார்.

சலைன் பாட்டிலோடு விஷயம் முடிந்துவிட்டது என்று நானும் தாதாவும் நினைத்தோம். சிஸ்டர் நினைக்கவில்லை. வெயில் காலத்தில் எங்கள் ஊரில் குழாய்த் தண்ணீர் ஒருநாள் வரும், ஒருநாள் வராது. "மனுசனுக்கில்லாத தண்ணிய வண்டிக்கு ஊத்தவா? அதோட, இது காய்ச்சலுக்கு நெத்தியில ஈரத்துணி போட்ட மாதிரி. காய்ச்சல் ஏன் வந்துச்சு?"

"சிஸ்டர், எல்லாத்தையும் ஒரே நாள்ல பிரிச்சுப் போட்டு, கழுவி, முடுக்கி, பெயின்ட் அடிச்சுடறேன். எதுவா இருந்தாலும் போயிடும்."

"போயிரும். எது போச்சுன்னு தெரியாது. திரும்ப வந்தா என்ன செய்வீரு? ஒரு நேரத்துல ஒரு மருந்து."

அதன்படி தண்ணீரை அடைத்துவிட்டு, பெட்டிகளைக் கழற்றினோம். என்ஜின் மட்டும் வளைவில் போனது, சத்தமில்லை. ஒரு பெட்டியைக் கோத்தோம், இல்லை. இரண்டாவதையும் கோத்தோம்; இல்லை. மூன்றாவதைக் கோத்ததும் எழுந்தது பாருங்கள் ஒரு கூக்குரல். மூன்றாவது பெட்டி என் செல்லப்பெட்டி. நானே வண்ணம் தீட்டி, நானே சீராட்டியது. சிஸ்டர் நைட்டியைச் செருகிக்கொண்டு, அதன் அடியில் குனிந்து டார்ச் அடித்தார்.

"இது என்ன கட்டை?"

"அதுவா, என் கைவேலை." உண்மையாகவே பெருமையோடுதான் சொன்னேன். சக்கரங்களின் அச்சுமுனை உட்கார்ந்திருக்கும் இரும்புக் கூட்டில் கொஞ்சம் இடைவெளி இருக்கும். அங்கே அச்சு லொடலொடவென்று ஆடும். அந்த ஆட்டத்தைப் பார்த்து அம்மாக்கள் பயந்தார்கள். ஃபர்னிச்சர் கடையில் மிச்சம் கிடந்த பதாக் மரத்துண்டுகளைச் சீவி, ஆப்பாக அடித்து இறுக்கி, மேலே வார்னிஷும் பூசினேன். அந்தமான் பதாக். இரும்பு போனாலும் அது போகாது.

"எப்ப அடிச்சீரு?"

"போன மழை ஆரம்பத்துல."

அவர் டார்ச் வெளிச்சத்தை ஆப்பிலிருந்து தண்டவாளத்துக்குத் திருப்பினார். எனக்கு மெல்ல மெல்லத்தான் விளங்கியது. மழை ஆரம்பத்தில் ஆப்பு அடித்திருக்கிறேன். எங்கள் ஊர் மழை சொந்தக்காரர்களைப்போல் வந்தால் போகாது. அது போகும்வரை தண்டவாளம் நனைந்தே இருந்ததால் வண்டி கத்தவில்லை. மழை நின்று தண்டவாளம் காய்ந்ததும் கத்த ஆரம்பித்தது. நான் வெயிலைத் திட்டிக்கொண்டு திரிந்தேன்.

வளைவில் வெளிச் சக்கரத்துக்குத் தூரம் அதிகம், உள் சக்கரத்துக்குக் குறைவு. இரண்டும் ஒரே அச்சில் இறுகியவை. அச்சு கொஞ்சம் அசைந்து வளைவோடு திரும்பிக்கொள்ளத்தான் அந்த லொடலொட. நான் அதை அடைத்துவிட்டேன். திரும்ப இடமில்லாத அச்சு உள் சக்கரத்தைப் பக்கவாட்டில் இழுக்க, அது பிடித்தும் வழுக்கியும் அலறியிருக்கிறது. தெரியாமல் நான் கட்டிப்போட்ட வண்டி, விடு விடு என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

ஆப்புகளைத் தட்டி எடுத்தேன். ஓட்டினேன். சத்தமில்லை. தண்ணீரும் இல்லை, எண்ணெயும் இல்லை, சத்தமும் இல்லை. சந்தோஷத்தில் ஆப்புகளை வேலிச்செடிக்குள் வீசி எறிந்தேன்.

"எடுத்துட்டு வாரும்," என்றார் சிஸ்டர்.

"எதுக்கு?"

"திரும்ப அடிச்சுப் பாக்கணும்."

வேலிச்செடிக்குள் ஒரு சிவப்பு எறும்புக் கூட்டம் குடியிருந்தது. அவற்றோடு சண்டைபோட்டு ஆப்புகளைப் பொறுக்கி, இருந்த இடத்திலேயே அடித்தேன். வண்டி கத்தியது. எடுத்தேன். அமைதி. என் கையெல்லாம் எறும்புக்கடி. அவர் டார்ச்சை அணைத்தார். முகத்தில் சிரிப்புக்கூட இல்லை. பாரம் இறங்கிய ஆளின் முகம் மட்டும் இருந்தது.

"நான் போய்ப் படுக்கேன்," என்றார். "நீரு உம்ம இஷ்டத்துக்கு ஓட்டும்."

அன்றைக்கு நாள் முழுக்க ஓட்டினேன். மதில் பக்கம் வரும்போதெல்லாம் பிள்ளைகளிடம் உதட்டில் விரல் வைத்துக் காட்டுவேன். அவர்களும் என்னமோ ரகசியம் என்று வாயைப் பொத்திக்கொள்வார்கள். மதிலுக்கு அப்பால் சிஸ்டர் வீட்டு ஜன்னலில் பச்சைத் திரை அசையவே இல்லை. சாயங்காலம் கடைசிச் சுற்று முடிகிற நேரத்தில், குளித்து, தலை பின்னி, வெள்ளை யூனிஃபார்மில் சிஸ்டர் டியூட்டிக்குப் புறப்பட்டு வந்தார். முழுசாகத் தூங்கி எழுந்த அவர் முகத்தை அன்றுதான் பார்த்தேன்; பத்து வயது குறைந்திருந்தது.

"இன்னைக்கு வண்டி ஓடுச்சா?" என்று கேட்டார்.

எனக்கு இதுவரை கிடைத்த பாராட்டுகளில் பெரியது அதுதான். மற்றவை எல்லாம் என் மனைவி சொன்னவை; அவற்றைப் பாராட்டில் சேர்க்க முடியாது.

அவருக்குத் தெற்குக் கோடித் தீவிலுள்ள கேம்பல் பேக்கு மாற்றலாகிப் போய்ச் சில வருஷம் ஆகிறது. பதாக் ஆப்பு ஒன்று எங்கள் வீட்டுக் கதவு காற்றில் அடிக்காமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. விருந்தாளி வந்தால் என் மனைவி எண்ணெய்க் கதையில் தொடங்கி ஆப்பில் முடிப்பாள். குவார்ட்டர்ஸில் அந்த வீட்டில் இப்போது வேறொரு நர்ஸ் இருக்கிறார். அவருக்கும் நைட் டியூட்டி.

இந்த வருஷம் மழை நின்றதும் வண்டி மறுபடி கத்தியது. மதில் பக்கம் பார்த்தேன். பச்சைத் திரை இருந்த ஜன்னலில் இப்போது நீலத் திரை, அது விலகி மூடியது. அன்று மதியமே வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினேன். அச்சுக்கூடுகளில் துரு அடைத்துக் கிடந்தது; சுரண்டி எடுத்தேன். வளைவில் தண்டவாளத்தைப் பிடிக்கும் போல்ட்டுகள் சில தளர்ந்திருந்தன, முடுக்கினேன். ஓட்டிப் பார்த்தேன். இலைகள் உரசும் சத்தம் கேட்டது.

யாரிடமும் கேட்காமல், எண்ணெய்ப் பாட்டிலைத் தொடாமல், நானே குணப்படுத்திய முதல் நோய். விடுவேனா? சிஸ்டருக்குப் போனில் பேசிப் பதிந்து அனுப்பினேன். துரு எடுத்தது, போல்ட் முடுக்கியது, ஒரே மதியத்தில் இரண்டும் முடித்தது, வண்டி வாய் திறக்காதது, புது சிஸ்டர் நிம்மதியாகத் தூங்குவது, எல்லாவற்றையும் பின்னணி இசை மட்டும்தான் இல்லை என்கிற மாதிரி விவரித்தேன். கேம்பல் பேயில் நெட்வொர்க் நினைத்தால் வரும். மறுநாள் வண்டியைக் கிளப்பப் போகும்போது பதில் வந்தது.

"ரெண்டுல எது?"